ஊட்டியா, லால்பாக்கா, நந்தவனமா: தோட்டக்காரர்களைப் பற்றிய குறும்படத்துக்கு எந்தத் தோட்டம்?

பழைய தோட்டம் ஒன்றையும் அதை இன்றுவரை காப்பாற்றி வைத்திருப்பவர்களையும் பற்றிப் பதினைந்து நிமிட ஆவணப்படம். கேமரா ஒன்று, மைக் ஒன்று, ஆள் இரண்டு அல்லது மூன்று. இந்த அளவோடு கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்றுதான்: எந்தத் தோட்டத்துக்குப் போவது? உதகை அரசு தாவரவியல் பூங்கா, பெங்களூர் லால்பாக், ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனம், சென்னையைவிட்டே போகாமல் முடிக்கலாம் என்றால் அடையாறு பிரம்மஞான சபை (தியசாபிகல் சொசைட்டி) வளாகம். இந்த நான்கு பெயர்களும் மாறி மாறி வரும். நான்கும் அழகு, நான்குக்கும் வரலாறு உண்டு. அதனால்தான் முடிவெடுக்க முடிவதில்லை.

எந்தக் கேமரா என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. இன்றைய நல்ல போன் ஒன்றே போதும். மைக்கில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

அழகை முதலிலேயே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஓய்வில் கிடக்கும் பூங்காவை எவ்வளவு அழகாக எடுத்தாலும் மூன்றாவது நிமிடத்தில் அது சுற்றுலாத் துறை விளம்பரம் போல ஆகிவிடும். படத்தைத் தாங்கப்போவது ஒரு மனிதரும் அவர் செய்யும் வேலையும்தான். அதனால் என் வரிசை இப்படி:

தோட்டக்காரரோடு இருக்கக் கிடைக்கும் நேரம். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நிற்க முடியுமா, மேற்பார்வையாளர் இல்லாமல் பேச முடியுமா? மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது.

அனுமதி. இடத்துக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று. பலரும் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். அரசுப் பணியாளர் கேமரா முன்னால் கருத்துச் சொல்ல வேண்டுமானால் மேலிடத்தின் ஒப்புதல் தேவை. தினக்கூலியில் இருப்பவருக்கு விதி தடுக்காவிட்டாலும் பயம் தடுக்கும்.

ஒலி. தோட்டம் அமைதியான இடம் என்பது நம் நினைப்பு. காற்று, ஒலிபெருக்கி, சாலை, பள்ளிச் சுற்றுலா எல்லாம் மைக்கில்தான் தெரியும்.

பருவம். பூ பூக்கும் மாதத்தைச் சொல்லவில்லை. வேலை கண்ணுக்குத் தெரியும் மாதத்தைச் சொல்கிறேன். இரண்டும் அநேகமாக ஒரே மாதமாக இருக்காது.

ஆதாரம். பழைய வரைபடம், புகைப்படம், கல்வெட்டு, ஆவணம் என்று எதைக் காட்டி வரலாற்றைச் சொல்லப்போகிறோம்?

அவசரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பார்வை:

| | உதகை | லால்பாக் | ஸ்ரீவில்லிபுத்தூர் | அடையாறு |
|---|---|---|---|---|
| தோட்டக்காரரோடு நேரம் | குளிர்காலத்தில் தாராளம், மே மாதத்தில் இல்லை | நடுத்தரம் | அறிமுகம் இருந்தால் மிக அதிகம் | குறைவு |
| அனுமதி | தோட்டக்கலைத் துறை, தெளிவான வழி | கர்நாடகத் தோட்டக்கலைத் துறை | அறநிலையத் துறை, கோயில் நிர்வாகம், ஊர்ப் பழக்கம் | தனியார் அமைப்பின் விருப்பம் |
| ஒலி | காற்று | நகர இரைச்சல் | ஒலிபெருக்கி | நன்று |
| நல்ல பருவம் | டிசம்பர் முதல் பிப்ரவரி | கண்காட்சிக்கு முந்தைய வாரங்கள் | ஆண்டு முழுவதும், விடியற்காலை | மழை ஓய்ந்த பிறகு |
| பழைய ஆதாரம் | நிறைய | மிக அதிகம் | படம் குறைவு, மரபு அதிகம் | ஓரளவு |
| மறைந்திருக்கும் செலவு | தங்குமிடம், காத்திருப்பு | மொழி, படங்களுக்கான கட்டணம் | பாட்டு உரிமை, காத்திருப்பு | கிட்டத்தட்ட இல்லை |

## உதகை அரசு தாவரவியல் பூங்கா

1840-களில் உதகையில் குடியிருந்த வெள்ளைக்காரர்கள் சந்தா போட்டுக் காய்கறி விளைவித்த இடம். 1848-இல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து வந்த வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் பொறுப்பேற்றார். தொட்டபெட்டாவின் கீழ்ச் சரிவைத் தட்டுத் தட்டாகச் சீராக்கி, பல ஆண்டுகள் பாடுபட்டு, இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்கு அடித்தளம் போட்டவர் அவர்தான். பரப்பு சுமார் 22 ஹெக்டேர். மேல் ஓரத்தில் ஆளுநர் மாளிகை, அந்தப் பக்கமாகவே தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து ஒன்று. ஆளுநர் மாளிகை பக்கத்திலேயே இருப்பதால் டிரோன் ஆசையைக் கீழேயே இறக்கி வைத்துவிட்டு மலையேறுங்கள்.

எல்லோரும் மே மாதத்தில் போகிறார்கள். மலர்க் கண்காட்சி அப்போதுதான். 2024-இல் நடந்தது 126-வது. ஆவணப்படத்துக்கு அதைவிட மோசமான மாதம் கிடையாது என்பது என் எண்ணம். அந்த நாட்களில் தோட்டக்காரர் தோட்டக்காரராகவே இருப்பதில்லை. புல்வெளியில் ஏறுகிறவர்களைப் பார்த்து விசில் ஊதிக்கொண்டு நிற்பார். அவர் மாதக்கணக்கில் வளர்த்த தொட்டிகள் மாடத்தில் வரிசையாக அடுக்கி இருக்கும், அவற்றுக்கு முன்னால் கூட்டம் செல்பி எடுத்துக்கொண்டிருக்கும். அதைப் படம் பிடிக்கலாம்தான், ஒரு நிமிடத்துக்கு மேல் தாங்காது.

அந்தத் தொட்டிகளுக்கான வேலை குளிர்காலத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. மண் கலப்பது, விதைப்பது, நாற்றை எடுத்துத் தொட்டிக்கு மாற்றுவது, அதோடு உறைபனியோடு மல்லுக்கட்டுவது. ஊட்டியில் நவம்பர் கடைசியிலிருந்து பனி இறங்கும். சில இரவுகளில் வெப்பம் பூஜ்ஜியத்தைத் தொடும். கோத்தகிரிப் பக்கம் கிடைக்கும் மிலார்ச் செடியை வெட்டிக்கொண்டுவந்து, அதையே கூரை போலப் பரப்பிப் பூச்செடிகளை மூடுவார்கள். விடிந்ததும் வெயில் ஏறுவதற்குள் புல்வெளியில் தண்ணீரைத் தெளித்துப் பனியைக் கரைப்பார்கள்; உறைந்த புல்லில் சுள்ளென்று வெயில் பட்டால் கருகிவிடும். புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர், தலையில் கம்பளித் துண்டு என்று பெண்கள் குனிந்து அந்த மிலாரை ஒவ்வொன்றாக விலக்கி, கீழே இருக்கும் இலை பச்சையாக இருக்கிறதா கருகிவிட்டதா என்று விரலால் தடவிப் பார்க்கும் காட்சி ஒன்று போதும். வர்ணனைக் குரல் எதுவும் தேவைப்படாது.

சட்டையும் ஸ்வெட்டரும் ஒலிப்பதிவாளருக்குத் தலைவலி. சட்டைப் பட்டனில் மாட்டிய மைக், குனிந்து நிமிரும் ஒவ்வொரு முறையும் உரசும். தலையில் கட்டிய துண்டின் மடிப்புக்குள், நெற்றிக்கு மேலே வைத்தால் உரசல் பெரும்பாலும் போய்விடும். காற்றுக்கு மைக் மேல் பஞ்சுறை கட்டாயம்.

மறைமுகச் செலவுகளைப் பார்ப்போம். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு வாகனத்தில் போக இ-பாஸ் வேண்டும். கிளம்பும் முன் அப்போதைய நடைமுறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், இரட்டிப்பாக எடுத்துப் போக வேண்டும். மூடுபனி விழுந்துவிட்டால் அரை நாள் சும்மா உட்கார வேண்டியதுதான், அறை வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பெரிய செலவு இன்னொன்று. துறை அனுமதி கொடுத்த பிறகு, உங்களுக்கு உதவி என்ற பெயரில் ஒருவர் கூடவே வருவார். அவர் நிற்கும் வரை எந்தப் பணியாளரும் “எல்லாம் நல்லா இருக்கு சார்” என்பதைத் தாண்டிப் பேச மாட்டார். அவரே சலித்துப்போய் டீ குடிக்கப் போகும் வரை பொறுத்திருக்கத் தெரிந்தால்தான் இந்தத் தோட்டம் சரிப்படும்.

வரலாற்றைச் சொல்லும்போதும் கவனம் தேவை. இங்குள்ள இத்தாலியத் தோட்டத்தை முதல் உலகப் போரில் சிறைப்பட்ட இத்தாலியர்கள் அமைத்தார்கள் என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதும், வழிகாட்டிகளும் அதையே ஒப்பிப்பார்கள். இத்தாலி 1915-இல் பிரிட்டன் பக்கம் சேர்ந்து போரிட்ட நாடு. பிரிட்டன் இந்தியாவில் ஆயிரக்கணக்கான இத்தாலியர்களைச் சிறைவைத்தது இரண்டாம் உலகப் போரில்தான். ஆவணத்தைப் பார்க்காமல் அந்த வரியை வர்ணனையில் சேர்த்துவிடாதீர்கள்.

உதகை யாருக்கு? முறையாக எழுதிக் கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, பனிக்காலத்தில் ஒரு வாரமாவது தங்கக்கூடியவர்களுக்கு. கூட்டமாக உழைப்பவர்களின் கதை வேண்டும் என்றாலும் இதுதான் இடம்.

## லால்பாக்

1760-இல் ஹைதர் அலி தொடங்கி, திப்பு சுல்தான் வளர்த்து, 1856-இல் அரசு தாவரவியல் தோட்டமாகி, 1889-இல் கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 1908 முதல் 1932 வரை ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநரான குரும்பிகல் கையில் இருந்த 240 ஏக்கர். உள்ளே இருக்கும் பாறையே 300 கோடி ஆண்டு பழையது. வரலாறு என்று வந்துவிட்டால் மற்ற மூன்றும் பக்கத்தில் நிற்க முடியாது.

தமிழ்ப் பார்வையாளருக்கு இங்கே ஒரு தனி வாசல் உண்டு. பெங்களூரின் தோட்டக்காரச் சமூகம் என்று பெயர்பெற்ற திகளர்களின் வேர் தமிழ்ப் பகுதி. தன் தோட்டத்துக்கு அவர்களை ஹைதர் அமர்த்தினார் என்பது அங்கே பரவலாகச் சொல்லப்படுவது. சித்திரைப் பௌர்ணமிக்குத் தர்மராயர் கோயிலிலிருந்து புறப்படும் கரகத்தைச் சுமப்பவர்களும் அவர்களே. பரம்பரையாகத் தோட்ட வேலை பார்த்த வீட்டில் இன்றைய தலைமுறை என்ன வேலைக்குப் போகிறது, நகரம் அவர்கள் பூந்தோட்டங்களை எப்படி விழுங்கியது என்று கேட்டுக்கொண்டு போனால் லால்பாக் சுவருக்கு வெளியேதான் பாதிப் படம் இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த சாத்தியம் இதுதான். பதினைந்து நிமிடத்துக்குள் அடங்குமா என்பதில் மட்டும் சந்தேகம்.

உள்ளே எடுப்பதில் சிக்கல்கள் சாதாரணமானவை. விடிந்தது முதல் நடைப்பயிற்சிக் கூட்டம், சுற்றிலும் போக்குவரத்து. குடியரசு தினம், சுதந்திர தினம் இரண்டையும் ஒட்டிய மலர்க் கண்காட்சி நாட்களில் உள்ளே கால் வைக்க முடியாது. அதற்கு முந்தைய வாரங்களில் போனால் தயாரிப்பு வேலை கிடைக்கும். கன்னடம் தெரியாமல் போனால் மொழிபெயர்ப்பாளர், பிறகு எடிட்டிங் மேசையில் மறுபடியும் மொழிபெயர்ப்பாளர், அப்புறம் துணைத்தலைப்பு என்று ஒரே செலவு மூன்று முறை வரும். பழைய புகைப்படங்கள், தாவர ஓவியங்கள் உரிமைக் காலம் முடிந்தவையாக இருந்தாலும், அச்சுத் தரத்தில் பிரதி தரும் காப்பகங்கள் தனிக் கட்டணம் கேட்கும். படத்தில் நாலு புகைப்படம் சேர்த்தாலே ஒரு நாள் படப்பிடிப்புச் செலவு காணாமல் போய்விடும்.

## ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனம்

பரப்பில் நான்கிலும் சின்னது. ஒரு சுற்று சுற்றிவந்துவிடலாம். துளசிச் செடியின் அடியில் ஆண்டாளைப் பெரியாழ்வார் கண்டெடுத்ததாக நம்பப்படும் இடம், ஆண்டாள் கோயிலுக்கும் வடபத்ரசாயி கோயிலுக்கும் நடுவில். சும்மா பார்த்துவிட்டுத் திரும்பினால் இதில் எடுக்க என்ன இருக்கிறது என்று தோன்றும்.

பூ எங்கே போகிறது என்று பின்னாலேயே போனால்தான் படம் தெரியும். விடியற்காலையில் குடலையோடு பறிக்கிறவர், அதைத் தொடுத்து மாலையாக்குகிறவர், அந்த மாலையைச் சாத்துகிறவர் என்று ஒரு சங்கிலி. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை புரட்டாசிப் பிரம்மோற்சவத்துக்குத் திருமலைக்குப் போகிறது, சித்திரையில் கள்ளழகருக்காக மதுரைக்குப் போகிறது. ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளியோ நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுவது. உடலுக்கு மரவள்ளி இலை, இறகுக்கு நந்தியாவட்டை இலை, அலகுக்கு ஒரு மாதுளம்பூ, கண்ணுக்குக் காக்காய்ப்பொன் (மைக்கா). பரம்பரையாக இதைச் செய்யும் கைகளுக்கு அருகில் கேமராவை வைத்து, கிளி உருவாகும் வரை வெட்டாமல் எடுத்து, அதில் இரண்டு நிமிடம் காட்டினால் பார்ப்பவர் நகர மாட்டார்.

இங்கே வரலாறு கட்டடத்தில் இல்லை, வேலையிலேயே இருக்கிறது. கோயில் நந்தவனத்துக்கென்று விடப்பட்ட நிலத்தைத் திருநந்தவனப்புறம் என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. பூப்பறிக்கவும் தண்ணீர் இறைக்கவும் ஆளும் அவர்களுக்கு வாழ்வாதாரமும் ஏற்பாடு செய்து வைத்த ஊர்கள் நம்முடையவை. இன்று பல கோயில்களில் நந்தவனப் பூ போதாமல் சந்தையில் வாங்குகிறார்கள். நிலம் என்ன ஆயிற்று, ஆள் ஏன் இல்லை என்ற கேள்வி படத்துக்குள் தானாக வந்து உட்காரும்.

அனுமதிதான் பெரிய மலை. தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதன் பிறகு “போன்லதான் எடுக்கிறோம், யாருக்கும் தொந்தரவு இருக்காது” என்ற பேச்சு எடுபடாது. அறநிலையத் துறைக்கு எழுத வேண்டும், செயல் அலுவலரைப் பார்க்க வேண்டும். காகிதம் கைக்கு வந்த பிறகும் சன்னதிப் பக்கம் எது கூடாது என்று அர்ச்சகர்களிடமும் கைங்கர்யம் செய்பவர்களிடமும் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். கருவறைப் பக்கம் கேமரா திரும்பவே கூடாது. இந்த விஷயத்தில் வாதாடி ஜெயித்தால்கூட அடுத்த நாள் யாரும் பேச மாட்டார்கள்.

பலர் கணக்கில் எடுக்காத செலவு ஒலிபெருக்கி. கோயிலிலும் கடைத்தெருவிலும் பக்திப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அது பேட்டியின் பின்னால் விழுந்துவிட்டால், யூடியூபில் ஏற்றிய உடனே பாட்டின் உரிமையாளர் பெயரில் உரிமைக் கோரிக்கை வந்து நிற்கும். பேச்சை மட்டும் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் உண்டு, குரல் டப்பாவுக்குள் பேசுவது போல ஆகிவிடும். பேட்டிகளை அவரவர் வீட்டுத் திண்ணையில் வைத்துக்கொள்வதே மேல். நந்தவனத்தில் வேலையின் சத்தம் மட்டும் எடுங்கள்: காம்பு ஒடியும் சத்தம், குடலை உரசும் சத்தம், கிணற்றடிச் சத்தம்.

ஆடிப்பூரத் தேரோட்டத்தைச் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். தேர் வந்துவிட்டால் தோட்டக்காரர் படத்தை விட்டுப் போய்விடுவார்.

## அடையாறு

பிரம்மஞான சபை 1882-இல் ஹடில்ஸ்டன் தோட்டம் என்ற 27 ஏக்கரை வாங்கிக் குடிவந்தது. இன்று 250 ஏக்கருக்கு மேல். புகழ்பெற்ற ஆலமரத்தின் தாய்மரம் 1989-இல் புயல்காற்றில் சாய்ந்தது, விழுதுகள் மரமாகி நிற்கின்றன. சென்னைக்காரர்களுக்குப் பயணச் செலவு இல்லை, ஒலியும் நன்றாக இருக்கும். ஆனால் பார்வையாளர் நேரம் குறைவு, அனுமதி முழுக்க அமைப்பின் கையில். வேலை செய்பவர்களோடு நாள் முழுக்க இருப்பது கடினம். மனிதரை விட்டுவிட்டு மரத்தையே நாயகனாக வைத்து ஐந்து நிமிடப் படம் எடுப்பவர்களுக்கு இது பொருந்தும்.

## யார் எதைத் தேர்ந்தெடுக்கலாம்

முதல் படம், கையில் காசு குறைவு, ஊரில் கோயிலோடு ஏதோ ஒரு வகையில் பழக்கம் உண்டு என்றால் நந்தவனம். அது ஸ்ரீவில்லிபுத்தூராகத்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. உங்கள் ஊர்க் கோயிலில் நந்தவனம் உயிரோடு இருந்து, பூப்பறிக்க ஒருவர் வந்துகொண்டிருந்தால் அதுவே மேல். பெரிய பெயர் போனால் போகட்டும்.

பழக்கம் எதுவும் இல்லை, கடிதம் எழுதிக் காத்திருக்க முடியும் என்றால் உதகை, ஜனவரியில். அங்கே கதவு அடைபட்டால் குன்னூர் சிம்ஸ் பூங்கா இருக்கிறது. 1874-இல் தொடங்கியது, அதே துறை, கூட்டம் குறைவு. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதில் தவறில்லை.

லால்பாக்கை அரை மணி நேரப் படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கன்னடம் தெரிந்த ஒருவர் குழுவிலேயே இருந்தால், திகளர் கதையை மட்டும் பிரித்து இப்போதே எடுக்கலாம்.

கூலி பற்றி ஒரு வார்த்தை. பேட்டிக்குக் காசு கொடுத்தால் பேச்சு மாறிவிடும் என்று பயந்து பலரும் எதுவும் கொடுப்பதில்லை. பேச்சுக்குக் கொடுக்க வேண்டாம், சரி. நம்மால் அவர் வேலை கெட்டு அரை நாள் கூலி போனால் அதைக் கொடுத்தே ஆக வேண்டும், படப்பிடிப்பு தொடங்கும் முன்பே அதைச் சொல்லிவிடவும் வேண்டும். தினக்கூலிக்காரர் கோபத்தில் ஏதாவது கொட்டிவிட்டால், எடிட் செய்த பகுதியை அவரிடம் காட்டி, இது வெளியே போகலாமா என்று கேளுங்கள். வேலை போகப்போவது அவருக்கு, நமக்கில்லை.

விண்ணப்பம் எழுதுவதற்கு முன் கேமரா இல்லாமல் ஒரு முழு வேலைநாள் அங்கே போய் இருங்கள். எத்தனை மணிக்கு யார் வருகிறார்கள், எந்த வேலை கையால், எது இயந்திரத்தால், புல்வெட்டும் இயந்திரம் எப்போது கத்தத் தொடங்கும், சாப்பாட்டு நேரத்தில் எந்த மரத்தடியில் உட்காருவார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் “பூங்காவின் சிறப்புகளைப் படமாக்க” என்று எழுதினால் புல்வெளியும் பூவும் எடுக்க அனுமதி வரும். “நாற்றங்காலில் காலை 7 முதல் 10 மணி வரை நாற்று மாற்றும் பணி” என்று இடமும் நேரமும் வேலையும் குறிப்பிட்டு எழுதினால், கையெழுத்துப் போடுகிறவருக்கும் எதற்குப் போடுகிறோம் என்று தெரியும்; வாசலில் காவலாளி நிறுத்தும்போது காட்டவும் உதவும்.